காற்றை உரமாக்கிய ஹேபர்

நைட்ரஜன் என்று சொன்னால் நம்மில் சிலருக்கு விளங்காமல் இருக்கலாம். யூரியா என்றால் விளங்காதவர் கிடையாது. லாரியிலிருந்து மூட்டை இறக்கும் தோழருக்கும் அது தெரியும். பயிர் வெளுத்துப் போகிறதே என்று கடைவாசலில் கால்கடுக்க நிற்கும் விவசாயிக்கும் அது தெரியும். அந்த வெள்ளை உப்பின் உயிர் எங்கிருந்து வந்தது? சுரங்கத்திலிருந்து அல்ல, கடலிலிருந்தும் அல்ல. நாம் மூச்சு விடும் இந்தக் காற்றிலிருந்து வந்தது.

காற்றைப் பிடித்து மூட்டையில் அடைக்க வழி கண்டவர் பிரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. இன்று உலகில் உண்ணும் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு அவர் கண்ட வழியில் பிறந்த உரத்தால் விளைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே ஹேபர்தான் போர்க்களத்தில் நச்சுவாயுவைத் திறந்துவிட்டவர். அவர் புகழைப் பாடுவதற்காகவோ, அவரைத் தூற்றிவிட்டுப் போவதற்காகவோ நாம் இதை எழுதவில்லை. அறிவு யார் கையில் இருக்கிறது, யாருக்காக வேலை செய்கிறது என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை ஒரு பாடம். ஆகவே எழுதுகிறோம்.

மண்ணின் வரவு செலவு

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஆனால் அதைப் பயிர் அப்படியே தின்ன முடியாது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கட்டை அவிழ்த்தால்தான் பயிருக்கு அது தழைச்சத்தாகும். நடுக்கடலில் நிற்பவன் குடிக்க நீரின்றித் தவிப்பதைப் போல, நைட்ரஜன் கடலில் நின்றுகொண்டே பயிர் பட்டினி கிடக்கிறது.

கட்டை அவிழ்க்கும் வேலையை இயற்கையில் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். உளுந்து, பயறு, அவரை, நிலக்கடலை ஆகியவற்றின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவைதாம் அந்த நுண்ணுயிர்களின் பட்டறை. 1886-இல் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் இதை நிரூபித்தார். மண்ணில் மக்கும் இலை, சாணம், எலும்பு எல்லாம் முதலில் அமோனியாவாக மாறுகின்றன. வேறு நுண்ணுயிர்கள் அந்த அமோனியாவை நைட்ரேட் உப்பாக்குகின்றன. 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். நைட்ரேட்டைப் பயிர் உறிஞ்சும். பயிரை ஆடுமாடும் மனிதனும் உண்பார்கள். கழிவு மீண்டும் மண்ணுக்கு வரும். மிச்சத்தை இன்னொரு கூட்டம் நுண்ணுயிர்கள் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். காற்றில் தொடங்கிக் காற்றில் முடியும் சக்கரம் இது.

இந்தச் சக்கரத்தில் வரவும் செலவும் சரியாக இருந்தவரை மண் தாங்கிற்று. ஆலைகள் வந்தன, நகரங்கள் பெருத்தன. தானியம் வண்டி வண்டியாக நகரத்துக்குப் போயிற்று. நகரத்தின் கழிவோ ஆற்றில் கலந்து கடலுக்குப் போயிற்று; வயலுக்குத் திரும்பவில்லை. ஐரோப்பாவின் நிலங்கள் இளைத்தன.

பாலைவனத்து உப்பு

இளைத்த நிலத்துக்கு உரம் தேடி ஐரோப்பா கடல் கடந்து போயிற்று. பெரு நாட்டின் தீவுகளில் மலைபோல் குவிந்திருந்த பறவை எச்சத்தைச் சுரண்டியது. அதை வெட்டி எடுக்கச் சீனத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து அடிமைகள் போல் வாட்டினார்கள். அது தீர்ந்ததும் அட்டகாமா பாலைவனத்தின் வெடியுப்பு. அந்த உப்புநிலத்துக்காகவே 1879 முதல் 1883 வரை சிலி, பெரு, பொலிவியா மூன்றும் போரிட்டன. சிலி வென்றது. லாபத்தின் பெரும்பகுதி ஆங்கிலேய முதலாளிகளுக்குப் போயிற்று.

அந்தப் பாலைவனத்தில் உழைத்தவர்களின் கதி என்ன? 1907 டிசம்பரில் வெடியுப்புத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மனைவி மக்களோடு இக்கீக்கே துறைமுகத்துக்கு வந்து, சாந்தா மரியா பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். டிசம்பர் 21 அன்று ராணுவம் அங்கே சுட்டது. மாண்டவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒத்த கணக்கு இல்லை. சர்க்கார் நூற்றுச் சொச்சம் என்றது. ஆயிரங்களில் சொல்வோரும் உண்டு. ஐரோப்பியரின் ரொட்டிக்குப் பின்னால் இந்த ரத்தமும் இருந்தது.

வெடியுப்பும் ஒருநாள் தீரும் என்று 1898-இல் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி எச்சரித்தார். கோதுமை உண்ணும் நாடுகள் பட்டினியில் விழாமல் தப்ப வேண்டுமானால், காற்றிலுள்ள நைட்ரஜனை ரசாயன சாஸ்திரம் பிடித்துத் தர வேண்டும் என்று விளக்கினார். விஞ்ஞானிகள் பலர் முயன்றார்கள். வென்றவர் ஹேபர்.

பிரெஸ்லாவில் பிறந்தவர்

ஹேபர் 1868 டிசம்பர் 9 அன்று, இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிறந்த மூன்று வாரத்தில் தாய் இறந்தார். தந்தை சாய வியாபாரி; வசதியானவர். மகன் கடையைப் பார்க்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ ரசாயனத்தில் மோகம். 1891-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்நாளைய ஜெர்மனியில் யூதன் எவ்வளவு படித்தாலும் உயர்ந்த உத்தியோகத்தின் கதவு எளிதில் திறக்காது. 1892-இல் ஹேபர் கிறிஸ்தவ மதத்துக்கு மாறினார். தன்னை முழு ஜெர்மானியனாக நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற தாகம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அவர் செய்த பெரிய காரியங்களிலும், பெரிய குற்றத்திலும் அந்தத் தாகத்தின் கையைக் காண்கிறோம்.

1894-இல் கார்ல்ஸ்ரூகே நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாகப் பேராசிரியரானார். 1901-இல் கிளாரா இம்மர்வார் என்ற பெண்ணை மணந்தார். கிளாரா சாதாரணப் பெண் அல்ல. பிரெஸ்லா பல்கலைக்கழகத்தில் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண். ஆனால் திருமணத்துக்குப் பின் அடுப்பும், குழந்தையும், கணவரின் விருந்தாளிகளுமே அவருடைய உலகமாயின. பெண்ணின் அறிவு வீட்டுச் சுவருக்குள் வீணான கதை இதுவும் ஒன்று.

துளித்துளியாக வந்த அமோனியா

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் அமோனியா கிடைக்கும். சொல்வது சுலபம். சூடு குறைந்தால் இரண்டும் சேர மறுக்கின்றன. சூடு ஏறினால் சேர்ந்த அமோனியா பிரிந்துபோகிறது. ஹேபர் கண்ட வழி இதுதான்: காற்றழுத்தத்தைப்போல் இருநூறு மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டும், வினையைத் தூண்ட ஓர் உலோகம் வேண்டும், உண்டான அமோனியாவை உடனுக்குடன் குளிர்வித்து எடுத்துவிட்டு, மிச்ச வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும்.

இந்த அழுத்தத்தைத் தாங்கும் கருவியைச் செய்து கொடுத்தவர் ராபர்ட் லெ ரோசினோல். ஆங்கிலேய நாட்டவரான இவர் பெயர் ஹேபரின் பெயர் அளவுக்குப் பேசப்படுவதில்லை. யுத்தம் வந்தபோது ஜெர்மன் சர்க்கார் இவரை அந்நியன் என்று சொல்லி அடைத்து வைத்தது!

1909 ஜூலை 2 அன்று பி.ஏ.எஸ்.எப். கம்பெனியின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஆஸ்மியம் என்ற அரிய உலோகத்தின் தூண்டுதலால், கருவியின் வாயிலிருந்து அமோனியா திரவமாகச் சொட்டிற்று. கம்பெனி உரிமையை வாங்கியது. மேசைமேல் இருந்த கருவியை ஆலையாக்கும் பொறுப்பு கார்ல் போஷ் என்ற எஞ்சினியரிடம் வந்தது. ஆஸ்மியம் உலகிலேயே கொஞ்சம்தான் உண்டு. அதனால் மிட்டாஷ் என்பவர் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, இரும்பையே தக்க பொருளாக்கினார். ஹைட்ரஜன் எஃகுக் குழாயை உள்ளிருந்தே அரித்து வெடிக்க வைத்தது. குழாய்க்குள் மென்இரும்பு உறை கொடுத்து போஷ் அதையும் வென்றார். 1913 செப்டம்பரில் ரைன் நதிக்கரையில் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது.

தனி ஒருவரின் மூளை மட்டும் இதைச் செய்துவிடவில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கருவி செய்த கை, குழாய் பற்றவைத்த கை, உலையடியில் உயிரைப் பணயம் வைத்து நின்ற கை எல்லாம் சேர்ந்தே காற்று உரமாயிற்று.

உரம் வெடிமருந்தானது

மறு ஆண்டே மகாயுத்தம். ஆங்கிலேயக் கப்பற்படை கடலை மறித்தது. சிலி வெடியுப்பு ஜெர்மனிக்கு வருவது நின்றது. வெடியுப்பு இல்லாமல் உரம் இல்லை, வெடிமருந்தும் இல்லை. ஓப்பாவ் ஆலையின் அமோனியாவை நைட்ரிக் அமிலமாக்கி வெடிகுண்டு செய்தார்கள். 1917-இல் லாய்னா என்ற இடத்தில் இன்னும் பெரிய ஆலை எழுந்தது. வயலுக்கு என்று பிறந்தது போர்க்களத்துக்குப் போயிற்று. இந்த ஆலைகள் இல்லாவிட்டால் ஜெர்மனியால் அத்தனை காலம் போரை இழுத்திருக்க முடியாது என்பது சரித்திர ஆசிரியர்கள் பலரின் முடிவு.

ஹேபர் அப்போது பெர்லினில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர். அவர் அதோடு நிற்கவில்லை. சாயத் தொழிற்சாலைகளில் மலிந்து கிடந்த குளோரின் வாயுவை ஆயுதமாக்கலாம் என்று ராணுவத்துக்கு வழி சொன்னார். தாமே களத்துக்குப் போய் உருளைகளைப் பதிக்க வைத்தார். காற்று எதிரியின் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தார்கள். 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே, ஆயிரக்கணக்கான உருளைகளிலிருந்து சுமார் 150 டன் குளோரின் பிரெஞ்சுப் படைமீது ஏவப்பட்டது. அந்தப் படையில் பிரெஞ்சுக் காலனிகளான அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்களும் இருந்தனர். தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத யுத்தத்தில், மூச்சுத் திணறி அவர்கள் மாண்டார்கள்.

நச்சுவாயுக் குண்டுகளை 1899-லேயே ஹேக் மாநாட்டில் தடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு தரப்பு தொடங்கியதும் மறுதரப்பும் அதே ஆண்டில் வாயுவை எடுத்தது. யுத்தம் முடிவதற்குள் வாயுவால் செத்தவர்கள் சுமார் 90 ஆயிரம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் உழவர்களும் தொழிலாளர்களும்தான்.

ஹேபருக்குக் காப்டன் பதவி கிடைத்தது. 1915 மே 2 அன்று, கணவரின் ராணுவக் கைத்துப்பாக்கியாலேயே கிளாரா தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். பன்னிரண்டு வயது மகன் ஹெர்மன் தாயைக் கண்டான். வாயுப் போரை அவர் வெறுத்ததுதான் காரணமா, வாடிப்போன இல்லற வாழ்வும் காரணமா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை நாம் இங்கே தீர்த்துவிட முடியாது. ஆனால் அடுத்த நாளே மகனை விட்டுவிட்டு ஹேபர் கிழக்குப் போர்முனைக்குப் புறப்பட்டார் என்பது உண்மை. நாட்டுப்பற்று என்ற பெயரில் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் கல்லாகிவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பரிசும் பலியும்

யுத்தம் முடிந்தது. 1918-ஆம் ஆண்டுக்குரிய ரசாயன நோபல் பரிசு அமோனியா கண்டதற்காக ஹேபருக்கு அறிவிக்கப்பட்டது. நச்சுவாயுக்காரருக்கா பரிசு என்று பல நாடுகளில் எதிர்ப்பு எழுந்தது. 1920-இல் அவர் பரிசைப் பெற்றுக்கொண்டார்.

மறு ஆண்டு, 1921 செப்டம்பர் 21 காலையில் ஓப்பாவ் ஆலை வெடித்தது. கிடங்கில் 4,500 டன் உரம் குவிந்து பாறைபோல் இறுகிக் கிடந்தது. அதை உடைக்கச் சிறு வெடிகள் வைப்பது ஆலையின் வழக்கம். ஆயிரக்கணக்கான முறை ஒன்றும் ஆகவில்லை. அன்று ஆயிற்று. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரின் பெரும்பாலான வீடுகள் தரைமட்டமாயின. பாதுகாப்பைக் காட்டிலும் வழக்கத்தை நம்பினார்கள். விலை கொடுத்தவன் தொழிலாளி. உலகம் பாடம் கற்றதா? 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து, இருநூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது.

ஹேபர் அதன் பிறகும் தம் நாட்டுக்காகவே உழைத்தார். போர் அபராதத்தை அடைக்கக் கடல்நீரிலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் முயன்று தோற்றார். பூச்சிகளை அழிக்கும் சயனைட் வாயு பற்றியும் அவருடைய கழகத்தில் ஆராய்ச்சி நடந்தது. அந்த வழியில் வளர்ந்த ‘சைக்ளோன் பி’ என்ற மருந்தைத்தான் பின்னாளில் ஹிட்லரின் ஆட்கள் கொலைக்கூடங்களில் யூதர்கள்மீது பாய்ச்சினார்கள். இறந்தவர்களில் ஹேபரின் உறவினரும் இருந்தனர்.

அதைக் காண அவர் உயிரோடு இல்லை. 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் யூத உத்தியோகஸ்தர்களை நீக்கச் சட்டம் பிறந்தது. பழைய போர்வீரர் என்பதால் ஹேபர் பதவியில் நீடிக்கலாம். ஆனால் தம்மிடம் வேலை செய்யும் யூதர்களை அவரே வெளியேற்ற வேண்டும். அதற்கு அவர் இசையவில்லை. ஏப்ரல் 30 அன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அவர் வாழ்வில் நாம் மனமாரப் பாராட்டும் செயல் இது. மதத்தை மாற்றியும், மனைவியை இழந்தும், மனச்சாட்சியை அடகு வைத்தும் எந்த நாட்டுக்குச் சேவை செய்தாரோ, அந்த நாடு அவரைப் பிறப்பைச் சொல்லித் துரத்திற்று. இங்கிலாந்தில் சில மாதங்கள் இருந்தார். 1934 ஜனவரி 29 அன்று ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் இதயம் நின்று இறந்தார். கிளாராவின் சாம்பலைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

தீராத கணக்கு

மனிதர் போனார், அவர் திறந்துவிட்ட நைட்ரஜன் போகவில்லை. உலக ஆலைகள் இன்று ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் அமோனியா செய்கின்றன. பெரும்பகுதி உரமாகிறது. வயலில் இடும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதிதான் பயிருக்குச் சேர்கிறது. மற்றப் பாதி எங்கே?

ஒரு பகுதி அமோனியாவாக ஆவியாகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாகி, மண் பிடித்து வைக்க முடியாமல், மழைநீரோடு கிணற்றுக்கும் ஆற்றுக்கும் இறங்குகிறது. நைட்ரேட் மிகுந்த நீரைக் குடிக்கும் கைக்குழந்தைக்கு ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடல் நீலம் பாரிக்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது, இந்தியாவில் 45. ஆற்றோடு கடல்சேரும் நைட்ரஜனைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி செத்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி நதி கலக்கும் மெக்ஸிகோ வளைகுடாவில் கோடைதோறும் மீன் வாழ முடியாத கடற்பரப்பு உண்டாகிறது. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக வானேறுகிறது. எடைக்கு எடை, பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வல்லது.

ஹேபர் பிறந்து வளர்ந்த ஜெர்மனியே தப்பவில்லை. நிலத்தடி நீரில் நைட்ரேட் கலப்பதைத் தடுக்கத் தவறியதற்காக 2018 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் ஜெர்மனியைக் குற்றவாளி என்று தீர்த்தது. 2020-இல் அந்நாடு உரச் சட்டத்தை இறுக்க நேர்ந்தது.

இதற்கு உரத்தையே ஒழிப்பதா வழி? அப்படிச் சொல்பவர், பட்டினி கிடக்கப் போவது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வழி வேறு. மண்ணைச் சோதித்து அளவறிந்து இடுவது. ஒரே தடவையில் கொட்டாமல், பயிர் கேட்கும் பருவத்தில் பிரித்து இடுவது. இலையின் பச்சையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு முடிவு செய்வது. பயறு வகையை மாற்றுப் பயிராக்குவது. தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் மடக்கி உழுவது. சாணத்தையும் நகரக் கழிவையும் பக்குவம் செய்து மண்ணுக்கே திருப்புவது. இந்தியாவில் 2015 முதல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயமாயிற்று. யூரியாவிலிருந்து பிறக்கும் அமோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களின் வேகத்தை வேம்பு தணிக்கிறது. டென்மார்க் 1987 முதல் சட்டம் போட்டு, பண்ணைதோறும் உரக் கணக்கு வைத்து, நைட்ரஜன் வீணாவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அங்கே விவசாயம் அழிந்துவிடவில்லை.

விவசாயியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மண் சோதனை செய்து தருவது யார்? வேலையாள் கூலிக்குக் கடன் வாங்கும் சிறு விவசாயி, மூன்று தடவை பிரித்து இடும் செலவை எப்படித் தாங்குவான்? விற்பது அதிகமானால் லாபம் அதிகம் என்றிருக்கும் கம்பெனி, குறைத்து இடு என்று சொல்லுமா? இவை பொதுவாகத் தீர்க்க வேண்டிய கேள்விகள்.

ஹேபர் காற்றை வென்றார். யாருக்காக என்று கேட்க மறந்தார். கேட்காததால் அவருடைய அமோனியா உரமாகவும் ஆயிற்று, வெடியாகவும் ஆயிற்று; இன்று கிணற்றில் நஞ்சாகவும் இறங்குகிறது. அவர் கேட்காத கேள்வியை உழைப்பவர்களாகிய நாம்தான் கேட்க வேண்டும், தோழர்களே! ஏனென்றால் அந்தக் கிணற்றில் நீர் இறைப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அந்த நீரைக் குடிப்பவை நம் வீட்டுக் குழந்தைகள்.